கரீபியன் மிளகாய் சாஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் வீட்டு ஃபிரிட்ஜின் கதவுத் தட்டில் இப்போது ஒன்பது பாட்டில்கள் நிற்கின்றன. பால் எடுக்கத் திறந்தவர்கள் அவற்றைப் பார்த்துவிட்டு ஏதாவது கேட்காமல் கதவை மூடியதே இல்லை. நான் இருப்பது டொராண்டோவின் கிழக்கே, ஸ்கார்பரோவில். இங்கே யாழ்ப்பாணத்துக் கடையும் டிரினிடாட் கடையும் ஜமேக்கா பேக்கரியும் அடுத்தடுத்து இருக்கும். அதனால் பாட்டில்கள் சேர்ந்தன. பாட்டில்களால் கேள்விகளும் சேர்ந்தன. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். எங்கள் ஊரில் ‘உறைப்பு’ என்போம். எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ‘காரம்’ என்றே எழுதுகிறேன்.

‘பெப்பர் சாஸ்’ என்கிறார்களே, அதில் மிளகு இருக்கிறதா?

இல்லை. ஆங்கிலம் பேசும் தீவுகளில் பெப்பர் என்றாலே மிளகாய்தான். மிளகைத் தேடிக் கப்பலேறிய கொலம்பஸ், 1493 ஜனவரியில் தன் நாட்குறிப்பில் தீவுவாசிகளின் ‘அஹி’யைப் பற்றி எழுதும்போது அதை அவர்களுடைய மிளகு என்றே குறித்தார். அந்தக் குழப்பம் அப்படியே நிலைத்துவிட்டது. நாம் சிரிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. போர்த்துக்கீசியர் வழியாக அந்தக் காய் நம்மிடம் வந்தபோது நாமும் மிளகை நினைத்துத்தான் ‘மிளகாய்’ என்று பெயர் வைத்தோம்.

ஸ்காட்ச் பானெட் என்கிறார்களே, அது என்ன?

கரீபியன் சாஸ்களில் பெரும்பாலானவற்றின் உயிர் அந்தப் பழம்தான். உள்ளங்கையில் நாலைந்து அடங்கும். நீளமாக இராது, யாரோ மேலிருந்து அமுக்கிவிட்டதுபோல் சப்பையாக, மடிப்பு மடிப்பாக இருக்கும். ஸ்காட்லாந்துக்காரர்களின் கம்பளித் தொப்பி போன்ற தோற்றம் என்பதால் இந்தப் பெயர். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று பல நிறங்களில் பழுக்கும்.

மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் பேர்போன ஹபனெரோ இதற்கு உடன்பிறப்பு. இரண்டும் கேப்சிகம் சைனென்சி என்ற ஒரே இனம். ‘சைனென்சி’ என்றால் சீனத்தது என்று பொருள். இந்த இனத்துக்கும் சீனாவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இதன் பூர்வீகம் அமேசான் பக்கம். 1776இல் ஜாக்கின் என்ற தாவரவியலாளர் தவறாக வைத்த பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இலங்கையில் சிங்களவர்கள் ‘நை மிரிஸ்’ என்று சொல்லும் மிளகாயும் இதே இனம்தான். அதை ஒருமுறை நறுக்கியவருக்கு ஸ்காட்ச் பானெட்டின் மணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்வதானால், மாம்பழம் நறுக்கிய தட்டை முகர்ந்தால் வரும் இனிப்பு வாசம், அதன் பின்னாலேயே மூக்கைச் சுடும் ஒரு நெடி.

நம் மிளகாயைவிடக் காரமா?

ஆம், பல மடங்கு. காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் குண்டூர் சன்னம் சுமார் 35,000 முதல் 40,000 வரை. ஸ்காட்ச் பானெட் 1,00,000 முதல் 3,50,000 வரை. டிரினிடாடின் தெற்கில் உள்ள மொருகா பகுதியின் பெயரைத் தாங்கிய ‘மொருகா ஸ்கார்ப்பியன்’ என்ற மிளகாயை 2012இல் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மிளகாய் ஆய்வு நிலையம் சோதித்தது. சராசரியே 12 லட்சம். சில பழங்கள் 20 லட்சத்தைத் தாண்டின.

ஆனால் இந்த எண்களை வைத்துச் சாஸ் வாங்குவதை நான் விரும்புவதில்லை. ‘உலகிலேயே அதிகக் காரம்’ என்று மண்டை ஓடு படம் போட்ட பாட்டில்கள் பரிசளிக்கத்தான் நல்லவை. தீவுகளில் வீட்டு மேசையில் இருக்கும் சாஸ் குறிப்பிட்ட ஒரு பலகாரத்துக்காகவோ மீனுக்காகவோ உருவானது. அதனால் எந்தப் பாட்டிலைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, இதை அங்கே எதோடு சாப்பிடுகிறார்கள் என்பதுதான்.

முதன்முதலாக ஒன்று வாங்குவதானால் எதை வாங்கலாம்?

பார்படோஸின் மஞ்சள் சாஸ். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

அதன் மஞ்சள் நிறம் கடுகு விழுதாலும் மஞ்சளாலும் வருவது. ஸ்காட்ச் பானெட், வெங்காயம், வினிகர் ஆகியவை மீதி. கொஞ்சம் கெட்டியாக இருக்கும். பாட்டிலைத் தட்டினால்தான் விழும். நாவில் முதலில் கடுகின் புளிப்பு, பிறகு பழத்தின் இனிப்பு, அதன் பிறகே காரம். நம்மில் ஆவக்காய்க்கும் கடுகு ஊறுகாய்க்கும் பழகிய நாக்குகள் இதை முதல் நாளே சொந்தம் கொண்டாடிவிடும்.

பார்படோஸில் ‘கட்டர்’ என்று ஒன்று உண்டு. ‘சால்ட் பிரெட்’ என்ற உருண்டை ரொட்டியை இரண்டாகப் பிளந்து உள்ளே சீஸோ ஹாமோ மீனோ வைத்து, இந்த மஞ்சள் சாஸைத் தடவி மூடித் தருவார்கள். உப்புக் கருவாடு சேர்த்த மாவைப் பொரித்த மீன் உருண்டைகள் இரண்டை அதே ரொட்டிக்குள் வைத்தால் அதன் பெயர் ‘பிரெட் அண்ட் டூ’. வெள்ளிக்கிழமை இரவுகளில் தெற்குக் கரையில் ஆய்ஸ்டின்ஸ் என்ற மீனவ ஊரில் மீன் சுடும் கடைகளில் கூட்டம் அலைமோதும். அங்கும் மேசைக்கு மேசை இந்த மஞ்சள் பாட்டில்தான்.

டிரினிடாட் சாஸ் ஏன் சில நேரம் பச்சையாக இருக்கிறது?

‘ஷாடோ பெனி’ என்ற இலையினால். நீளமான, ஓரத்தில் ரம்பப் பல் வைத்த இலை; கொத்தமல்லி வாசம், ஆனால் அதைவிட உரத்த குரல். அங்குள்ள இந்திய வம்சாவளியினர் அதைப் ‘பந்தானியா’ என்பார்கள். 1845 மே 30ஆம் தேதி ஃபத்தேல் ரசாக் என்ற கப்பல் டிரினிடாடில் முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. அடுத்த எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பெரும்பாலோர் கல்கத்தா வழியாக வந்தவர்கள். ஒரு பகுதியினர் மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். அதனால் டிரினிடாட் மேசையில் மிளகாய் சாஸுக்குப் பக்கத்தில் மாங்காய்த் துருவலில் செய்த ‘குச்சேலா’வும், பாகற்காயும் கேரட்டும் மிளகாயும் கலந்த ‘மதர் இன் லா’வும் இருக்கும். மாமியார் என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்பதை வாயில் வைத்தவுடன் தெரிந்துகொள்ளலாம்.

இந்தச் சாஸின் உண்மையான வீடு ‘டபுள்ஸ்’. பூரியைவிட மெத்தென்று மஞ்சள் போட்ட இரண்டு ‘பாரா’, நடுவில் குழைய வெந்த கொண்டைக்கடலை, மேலே புளிச் சட்னி, வெள்ளரிக்காய், மிளகாய் சாஸ். எல்லாவற்றையும் ஒரு தாளில் மடித்து முறுக்கிக் கையில் தருவார்கள். 1930களில் பிரின்சஸ் டவுனில் தொடங்கிய தெருவோர உணவு. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

வாங்கும்போது ஒரே கேள்விதான் கேட்பார்கள்: பெப்பர் எவ்வளவு? முதல் தடவை, யாழ்ப்பாணத்தான் என்ற திமிரில் நிறையப் போடச் சொன்னேன். கடையில் இருந்த அம்மா கரண்டியை அந்தரத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். “நிச்சயமாகவா, மகனே?” என்றார். நிச்சயம் என்றேன். மூன்றாவது கடியில் காது அடைத்துக்கொண்டது. கண்ணீரோடு நிமிர்ந்தபோது அவர் ஏற்கெனவே ஒரு குளிர்பானத்தைத் திறந்து என் பக்கம் தள்ளியிருந்தார். அன்றிலிருந்து நான் கேட்பது ‘ஸ்லைட்’, அதாவது ஒரு தொடுதல். டிரினிடாட்காரர்களிலேயே பலர் கேட்பது அதுதான் என்பதை வரிசையில் நின்று கவனித்த பிறகு மானமும் திரும்பி வந்தது.

பாட்டிலாக வாங்குவதானால் மட்டூக்ஸ் என்ற டிரினிடாட் நிறுவனத்தின் சாஸ்கள் பரவலாகக் கிடைக்கின்றன. அவற்றில் ‘கலிப்ஸோ’ என்பது என் ஒன்பதில் ஒன்று.

ஜமேக்காவின் பிக்காபெப்பா வாங்கினேன். காரமே இல்லையே?

இருக்காது. அது ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். 1921 முதல் மேன்செஸ்டர் மாவட்டத்தின் ஷூட்டர்ஸ் ஹில்லில் செய்யப்படும் சாஸ் அது. தக்காளி, வெங்காயம், கரும்பு வினிகர், மாம்பழம், திராட்சை, புளி ஆகியவற்றோடு மிளகாயும் மசாலாவும் சேர்த்து ஓக் மரப் பீப்பாயில் ஓராண்டு ஊறவைக்கிறார்கள். பழுப்பு நிறம், புளி இஞ்சியை நினைவூட்டும் இனிப்பும் புளிப்பும். கிரீம் சீஸ் கட்டியின் மேல் ஊற்றி உப்பு பிஸ்கட்டால் அள்ளிச் சாப்பிட்டுப் பாருங்கள். கட்லட்டுக்குத் தொட்டுக்கொள்ள இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

காரம் வேண்டுமென்றால் ஜமேக்காவில் வேறு பாட்டில்கள் உண்டு. கிரேஸ் நிறுவனத்தின் சிவப்பு சாஸ் எங்கும் கிடைக்கும். இன்னும் நல்லது, ‘எஸ்கவீச்’. கேரட், வெங்காயம், ஸ்காட்ச் பானெட் மூன்றையும் மெல்லிய கீற்றாக நறுக்கி, சுடவைத்த வினிகரில் போட்டு, முழுதாகப் பொரித்த மீனின் மேல் கொட்டுவார்கள். மறுநாள் வரை ஊறினால் இன்னும் ருசி. மரவள்ளி மாவில் தட்டிய ‘பாமி’ என்ற அடை அதற்குத் துணை.

ஜெர்க் சாஸ் என்பதும் இதேதானா?

இல்லை. ஜெர்க் என்பது சமைக்கும் முறை. பிமென்டோ என்று அங்கே சொல்லப்படும் ஆல்ஸ்பைஸ், தைம், வெங்காயத்தாள், ஸ்காட்ச் பானெட் எல்லாம் சேர்த்து அரைத்த விழுதை இறைச்சியில் பூசி ஊறவைத்து, பிமென்டோ விறகுப் புகையில் சுடுவார்கள். ஜமேக்காவின் கிழக்கே பாஸ்டன் பே அதற்குப் பேர்போன இடம். கடையில் ஜாடியில் வருவது அந்த விழுது. அதைத் தோசைக்குத் தொட்டுக்கொண்டு, உப்பு அதிகம் என்று என்னிடம் புகார் சொன்னவர் ஒருவர் உண்டு.

ஹைட்டியின் பிக்லிஸ் சாஸா, ஊறுகாயா?

இரண்டுக்கும் நடுவில். கோஸ், கேரட், ஸ்காட்ச் பானெட் ஆகியவற்றைத் துருவி வினிகரில் ஊறவைத்தது. பொரித்த பன்றி இறைச்சிக்கும், இரண்டு முறை பொரித்துத் தட்டையாக்கிய வாழைக்காய்க்கும் பக்கத்தில் ஒரு குவியலாக இருக்கும். எண்ணெய்ப் பலகாரத்தின் திகட்டலை அறுப்பதில் இதற்கு ஈடில்லை.

ஹைட்டியில் ‘சோஸ் டி மாலிஸ்’ என்றும் ஒன்று உண்டு. அதற்கு ஒரு கதை இருக்கிறது. டி மாலிஸ் தந்திரக்காரன். பூக்கி அவனுடைய அப்பாவி நண்பன், சாப்பாட்டு நேரம் பார்த்துச் சரியாக வந்து நிற்பவன். அவனை விரட்டுவதற்காக டி மாலிஸ் ஒருநாள் இறைச்சியின் மேல் மிளகாயை அள்ளிப் போட்டு ஒரு சாஸ் செய்தான். பூக்கி சாப்பிட்டான். எழுந்து தெருவுக்கு ஓடினான். “எல்லாரும் வாருங்கள், டி மாலிஸ் செய்த சாஸை ருசித்துப் பாருங்கள்” என்று ஊரையே கூட்டிவந்துவிட்டான்.

பிரெஞ்சு பேசும் தீவுகளில்?

மார்ட்டினிக், குவாடலூப் இரண்டிலும் ‘சோஸ் ஷியென்’. மொழிபெயர்த்தால் நாய் சாஸ். நாய்ப் படம் பொறித்த சமையல் கத்தியால் பொடிப்பொடியாக நறுக்கியதால் வந்த பெயர் என்பார்கள். வெங்காயத்தாள், பூண்டு, பார்ஸ்லி, தைம், மிளகாய் எல்லாவற்றையும் நறுக்கி, உப்பும் எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் சேர்த்து, கொதிக்கும் நீரைக் கொஞ்சம் ஊற்றுவார்கள். வெந்நீர் பட்டதும் எழும்பும் வாசனைதான் அந்தச் சாஸ். சுட்ட மீனுக்கு உடனே ஊற்ற வேண்டும். பாட்டிலில் அடைத்து விற்பதை வாங்காதீர்கள். அங்குள்ள மிளகாயின் பெயர் ‘போண்டா மான் ஜாக்’. மேடம் ஜாக்கின் பின்புறம் என்று பொருள். அந்த அம்மையார் யாரோ, பாவம்.

நமக்கு உண்மையாகவே சொந்தமுள்ள தீவுகள் இவை. ஒரேலி என்ற கப்பல் 1853இல் மார்ட்டினிக்கிலும் 1854இல் குவாடலூப்பிலும் முதல் இந்தியத் தொழிலாளர்களை இறக்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில் புதுச்சேரி, காரைக்கால் வழியாக வந்தவர்களில் தமிழர் ஏராளம். மல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மஞ்சள் சேர்த்த ‘கொலம்போ’ பொடியும் அதில் சமைத்த ஆட்டுக் கறியும் இன்று அந்தத் தீவுகளின் பொதுச் சொத்து. கொலம்போ கறிக்கு மேல் இரண்டு சொட்டு மிளகாய் சாஸ் விட்டுக்கொள்வதில் தவறில்லை.

வேறு எதைத் தேடலாம்?

பெலீஸின் மேரி ஷார்ப்ஸ். பெலீஸ் தீவு அல்ல, மத்திய அமெரிக்க நாடு. ஆனால் கரீபியன் கடலோரம். ஹபனெரோவின் முரட்டுத்தனத்தைக் கேரட் விழுதால் மட்டுப்படுத்தியது இந்தச் சாஸின் சிறப்பு. பீன்ஸ் கலந்த தேங்காய்ப்பால் சோற்றுக்கு ஏற்றது. கயானாவின் ‘விரி விரி’ மிளகாய், செர்ரிப் பழம் போல் உருண்டையாக இருக்கும். அதில் செய்த சாஸ் கிடைத்தால் விடாதீர்கள். புவெர்ட்டோ ரிகோவின் ‘பீக்கே’ தண்ணீராக இருக்கும்: காலி ரம் பாட்டிலில் மிளகாய், பூண்டு, மிளகு, சில வீடுகளில் அன்னாசித் தோல், எல்லாம் மூழ்க வினிகர். தீரத் தீர வினிகர் ஊற்றி நிரப்பிக்கொள்ளலாம்.

எல்லாத் தீவுகளிலும் காரம் சாப்பிடுவார்களா?

இல்லை. கியூபாவிலும் டொமினிக்கன் குடியரசிலும் அன்றாடச் சமையல் சாதுவானது. பூண்டும் புளிப்பு ஆரஞ்சும்தான் அங்கே ராஜா. டொமினிக்கன் குடியரசு இருக்கும் அதே தீவின் மேற்குப் பகுதியான ஹைட்டியில் பிக்லிஸ் இல்லாமல் தட்டு நிறையாது. எல்லையைத் தாண்டினால் கதை வேறு.

வீட்டில் செய்ய முடியுமா?

பார்படோஸ் பாணியில் நான் செய்வது இது. நன்கு பழுத்த ஸ்காட்ச் பானெட் 12, நடுத்தர வெங்காயம் 1, பூண்டு 4 பல், விரல் நீளப் பச்சை மஞ்சள் ஒரு துண்டு, கடைகளில் விற்கும் கடுகு விழுது 4 மேசைக்கரண்டி, வெள்ளை வினிகர் ஒரு கப், உப்பு 2 தேக்கரண்டி, சர்க்கரை 1 தேக்கரண்டி. காம்பை நீக்கி, எல்லாவற்றையும் பச்சையாகவே மிக்ஸியில் அரைத்து, வெந்நீரில் கழுவி உலர்த்திய கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். முதல் நாள் ருசி பார்த்துவிட்டு என்னைத் திட்ட வேண்டாம். வெங்காய நெடியும் வினிகரும் தனித்தனியே நிற்கும். பத்து நாள் கழித்துத் திறந்தால் ஒன்றாகியிருக்கும்.

மிக்ஸி மூடியைத் திறக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். ஒருமுறை ஜனவரி குளிரில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அரைத்ததில், மாடியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இருமிக்கொண்டே இறங்கி வந்தார்கள்.

கையும் வாயும் எரிந்தால்?

கைக்கு: முதலில் கையுறை. மறந்துவிட்டால், சமையல் எண்ணெய் தேய்த்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவுங்கள். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. கண்ணைத் தொடாதீர்கள், குளியலறைக்குப் போவதற்கு முன்னும் கையைக் கழுவுங்கள் என்பதை விளக்காமல் விடுகிறேன்.

வாய்க்கு: பால் அல்லது தயிர். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் கேப்சைசினைப் பற்றிக்கொண்டு போகும். பச்சைத் தண்ணீர் எரிச்சலை வாய் முழுவதும் பரப்பும். உண்மையில் அங்கே எதுவும் சுடவில்லை. வெப்பத்தை உணரும் நரம்பு வாயிலைக் கேப்சைசின் திறந்துவிடுகிறது, மூளை தீ என்று நம்பிவிடுகிறது. அந்த வாயிலைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

காரம் வேண்டாம், அந்த வாசனை மட்டும் வேண்டும். வழி உண்டா?

உண்டு, இதுதான் ஜமேக்கா வீடுகளில் நடப்பது. தேங்காய்ப்பாலில் பீன்ஸும் அரிசியும் வேகும்போது ஒரு முழு ஸ்காட்ச் பானெட்டைக் காம்போடு, கீறாமல், மேலே மிதக்கவிடுவார்கள். தோல் உடையாதவரை சோற்றில் இறங்குவது மணம் மட்டுமே. கிளறுவதற்கு முன் கரண்டியால் மெதுவாக எடுத்துவிட வேண்டும். உடைந்துவிட்டால் அன்றைக்குக் குழந்தைகளுக்கு வேறு சோறு வடிக்க வேண்டியதுதான். நான் இதைப் பருப்பிலும் மீன் சொதியிலும் செய்கிறேன்.

நம் சாப்பாட்டோடு சேருமா?

சாம்பாரிலும் வத்தக்குழம்பிலும் ஊற்றாதீர்கள்; வினிகரும் புளியும் சண்டை போடும். அவித்த மரவள்ளிக்கிழங்கு, பொரித்த மீன், ஆம்லெட், கொண்டைக்கடலைச் சுண்டல், வெறும் பருப்புச் சோறு ஆகியவற்றோடு பிரமாதம். பருப்பும் சோறும் மிளகாய் சாஸும் டிரினிடாட் வீடுகளிலும் அன்றாடச் சாப்பாடுதான். தயிர்ச் சோற்றுக்கு மஞ்சள் சாஸ் ஒரு சொட்டு என்றால் என் மனைவி முகம் சுளிப்பார். நான் விடுவதாக இல்லை.

திறந்த பாட்டில் எவ்வளவு நாள் தாங்கும்?

கடைச் சாஸில் வினிகரும் உப்பும் இருப்பதால் ஃபிரிட்ஜில் பல மாதம் இருக்கும். நிறம் கொஞ்சம் கறுத்தால் பயப்பட வேண்டாம். பூஞ்சை பிடித்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள். வீட்டுச் சாஸை மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. வினிகரைக் குறைத்துத் தண்ணீர் ஊற்றினாலும், பூண்டை வெறும் எண்ணெயில் போட்டு வெளியே வைத்தாலும் நச்சுக் கிருமி வளர இடம் கொடுப்பதாகும்.

பாட்டிலின் அடியில் ஒட்டியிருப்பதை என்ன செய்வது?

இரண்டு மேசைக்கரண்டி வினிகர் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். மெல்லியதாக நறுக்கிய வெங்காயத்தின் மேல் அதை ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, அரை மணி நேரம் வையுங்கள். அன்றைக்குப் பிரியாணி என்றால் இன்னும் நல்லது.